பாஸ்கரன் விற்ற நான்கு சக்கரங்கள்

பாஸ்கரன் இறந்த செய்தியைச் செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் சொன்னவர் எங்கள் தெரு வியாபாரிகள் சங்கச் செயலாளர். "மாரடைப்புண்ணே. ஆஸ்பத்திரி போற வழியிலேயே முடிஞ்சிருச்சு. நினைவு மலருக்கு நீங்கதான் எழுதணும், அம்புட்டு வருசம் பக்கத்துலயே இருந்திருக்கீங்க" என்றார். எழுதுகிறேன் என்றேன். எனக்கு அழுகை வரவில்லை என்பதை, அவரை அறிந்த உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கார்களுக்கு அழகுக்காக மாட்டும் அலாய் வீல்களைப் பழையதாக வாங்கி விற்பது அவர் தொழில். பக்கத்துக் கடை என் அச்சகம். இணையத்தில் அவர் போட்ட விளம்பரங்களை ஒன்பது ஆண்டுகள் நான்தான் எழுதினேன். கெட்டிக்காரர், மறுக்க மாட்டேன். வாசலில் கார் வந்து நிற்கும்போதே எந்த அளவு பொருந்தும் என்று சொல்லிவிடுவார். "வண்டி ஓடுறதுக்கு எஞ்சின் மாப்ள, ஊரு பாக்குறதுக்கு வீலு" என்பார்.

அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, தன் மகனின் காருக்கு வீல் கேட்டு வந்தார். அவருடைய அழுக்கு வேட்டியைப் பார்த்துவிட்டு, "ரேட்டச் சொன்னா மயக்கம் போட்டுருவீங்க, வேற கடை பாருங்க" என்றார் பாஸ்கரன். அந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு ஒருநாள், இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காருக்கான நான்கு வீல்கள் வந்தன. புதுக் கறுப்பு வர்ணம் பளபளத்தது. "விரிசல் இல்ல, வெல்டிங் இல்லன்னு பெருசா போடு மாப்ள."

"நல்லாப் பாத்துட்டீங்களாண்ணே?"

"என்னையே சந்தேகப்படுறியா? எழுது."

எழுதினேன். ஒரு வீலைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

வாங்கியவர் கோரிப்பாளையத்தில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் ரியாஸ். மூன்றாவது வாரம் அழகர்கோவில் சாலையில் முன்சக்கரம் உடைந்து, கார் புளியமரத்தில் மோதியது. அவருடைய வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. அவரது அண்ணன் உடைந்த வீலைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். வர்ணம் பெயர்ந்த உட்புறத்தில் விரிசலைப் பற்றவைத்து மறைத்த பழைய வெல்டிங் தழும்பு தெரிந்தது. பாஸ்கரன் கொஞ்சமும் தயங்காமல் என்னைக் கைகாட்டினார்.

"விளம்பரம் எழுதுனது இவருதாங்க. நான் அப்படிச் சொல்லவே இல்ல."

மறுநாள் ரியாஸைப் பார்க்கப் போனேன். கையில் கம்பிகள் பொருத்தியிருந்தார்கள். "பல்லுப் புடுங்குற கை சார் இது" என்று மட்டும் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அங்கிருந்து நேராக, அவருடைய அண்ணன் புகார் கொடுத்திருந்த காவல் நிலையத்துக்குப் போய், பாஸ்கரன் சொல்லித்தான் எழுதினேன், சரிபார்க்காமல் எழுதியது என் தவறு என்று வாக்குமூலம் கொடுத்தேன்.

அதன்பின் தெருவில் நான் துரோகி. பாஸ்கரன் அப்படிச் சொன்னார், உங்களில் பலர் நம்பினீர்கள். என் கடைக்கு வருவதையும் நிறுத்தினீர்கள். வழக்கு முடியுமுன் அவர் போய்விட்டார். ரியாஸ் இப்போது நோயாளிகளின் வாயைப் பார்த்து, எந்தப் பல் என்று சொல்வதோடு சரி. பல்லைப் பிடுங்குவது வேறொரு மருத்துவர்.

கடைசியாகப் பாஸ்கரனைப் பார்த்தது ஒரு கல்யாணப் பந்தியில். இடம் இல்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இப்பவாச்சும் அந்த டாக்டர ஒருதடவ போயிப் பாருங்கண்ணே" என்றேன்.

இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அந்தாளு என்னைய நம்பி வாங்கலடா. நீ எழுதுனத நம்பித்தான் வாங்குனாரு."

சாம்பார் வாளி வந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த வாக்கியம்தான். அது பொய்யாக இருந்திருந்தால், அந்த மனிதரை எப்போதோ மறந்திருப்பேன்.