தொட்டியில் பிறந்த மஞ்சள் மீன்கள்

கடல் ஊருக்குள் வந்துபோன மறுவருஷம் மரக்காணம் உப்பளங்களில் வேலை சுருங்கிப்போனது. பாத்திகளில் சேறு ஏறிக் கிடந்தது. என் வீட்டுக்காரருக்கு உப்பு வாருவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு மீன் வியாபாரி வந்தார். கண்ணாடித் தொட்டியில் விட்டு வேடிக்கை பார்க்கிற மீன்களை விற்பவர். கழுவெளி ஏரிக் கால்வாயில் திரியும் மஞ்சள் மீனை, நடு உடம்பில் கருப்புப் பொட்டு உள்ளதை, உயிரோடு பிடித்துத் தரச் சொன்னார். நாங்கள் அதைக் குழம்புக்குக்கூட எடுத்ததில்லை, அவ்வளவு பொடிசு.

என் வீட்டுக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை போடுவார். வியாபாரியின் வேன் வரும்வரை மீனைச் சாகாமல் வைத்திருப்பது என் வேலை. கொல்லையில் இருந்த சிமெண்ட் தொட்டியில் கால்வாய்த் தண்ணீரை நிரப்பி விட்டு வைப்பேன்.

ஒருநாள் தொட்டிக்குள் கிடந்த உடைந்த சட்டியில் ஒரு ஜோடி மீன் முட்டை வைத்திருந்தது. இரண்டும் மாறி மாறிக் காவல் காத்தன. பொரிந்த குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்றே பெருத்தன. நான் வேறு தொட்டி ஏற்பாடு செய்து, கொசுப்புழு வடிகட்டிப் போட்டு வளர்த்தேன். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. காலில் வெடிப்பு. இனி அவர் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று எனக்குள் ஒரே சந்தோஷம்.

வியாபாரி தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“இது வூட்ல பொறந்ததாக்கா? வேணாம்.”

“ஏன்ணே? நல்லாத்தானே இருக்குது?”

“நல்லாதான் இருக்குது. ஆனா நம்ம கஸ்டமருங்க வைல்டு மீன்தான் கேக்குறாங்க. தானா ஆத்துல வளந்தா அதுக்கு ஒரு மவுசு. தொட்டில பொறந்ததுன்னா தொடமாட்டாங்க.”

என் வீட்டுக்காரர் வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கால்வாய்க்குப் போனார்.

ஐப்பசி மழையில் கால்வாய் கலங்கி ஓடியபோது கெளுத்தி முள் அவர் பாதத்தில் ஏறியது. மஞ்சள் அரைத்துப் போட்டோம். கால் வீங்கி, விரல் கருத்த பிறகுதான் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

விஷயம் தெரிந்து வியாபாரி ஆப்பிளும் ஆர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு கொல்லைப் பக்கம் போனார்.

“அக்கா, அந்தக் குஞ்சுங்க பெருசாயிடுச்சே. எடுத்துக்கட்டா?”

“கஸ்டமரு தொடமாட்டாங்கன்னு சொன்னீங்க?”

“கால்வாயில பிடிச்சதுன்னு சொல்லிட்டா போவுது. பாத்தா யாருக்குத் தெரியும்?”

“இந்தப் பொய்யை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணே.”

“அப்போ பிடிச்சுக் குடுக்க ஆள் இருந்துச்சேக்கா” என்றார். அதைக் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் பதில் சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு வேறு வழி இல்லை, மீனைக் கொடுத்தேன். வேன் வராத வாரங்களில் மீன்களை பிளாஸ்டிக் பையில் காற்றடைத்துக் கட்டி, நானே பஸ்ஸில் சென்னைக்குக் கொண்டுபோனேன். அப்படி ஒருமுறை வியாபாரியின் கடையில் நின்றிருந்தபோது, கண்ணாடி போட்ட ஒருவர் என் மீனைக் குனிந்து குனிந்து பார்த்தார்.

“ஒரிஜினல் வைல்டுதானே?”

“மரக்காணம் கால்வாயில பிடிச்சது சார். இவங்க வூட்டுக்காரர்தான் பிடிக்கிறாரு” என்று வியாபாரி என்னைக் காட்டினார்.

கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “அதான் இந்தக் கலர்! தொட்டி மீனுக்கு இது வராதும்மா. வீட்டுக்காரரை நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லுங்க.”

தலையாட்டினேன். வாய் திறந்தால் அடுத்த வாரம் மீன் விற்காது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “புண்ணு வலிக்குது, கட்டை அவுத்துவுடு” என்றார். அவிழ்த்தேன். துணி புண்ணோடு ஒட்டியிருந்ததால் வெந்நீர் விட்டு நனைத்து நனைத்துத்தான் எடுக்க முடிந்தது.

அடுத்த வருஷம் வியாபாரி வரவில்லை. வெளிநாட்டு ஆற்றில் பிடித்த ஏதோ மீனுக்கு இப்போது மவுசு என்று போனில் சொன்னார். ஆரோவில் பக்கம் ஒரு வீட்டில் என் வீட்டுக்காரருக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. உட்கார்ந்தே பார்க்கிற வேலை. மிச்சமிருந்த மீன்களை வாளியில் அள்ளிப்போய்க் கால்வாயில் கொட்டினேன். கரையில் நின்றிருந்த கொக்குகள் நான் திரும்புவதற்குள் இறங்கிவிட்டன.