பிஞ்சோடு வெட்டிய கொய்யா

போன ஞாயிறு பார்த்தது இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

என் காலேஜ் தோழி ஜெஸ்ஸியும் அவள் கணவர் அந்தோணி அண்ணனும் வல்லம் பக்கம் செம்மண்ணில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கிறார்கள். பை நிறையப் பழத்தோடு திரும்பலாம் என்ற நினைப்பில் கேட்டைத் திறந்தேன்... அப்படியே நின்றுவிட்டேன்.

ஜெஸ்ஸி கையில் ரம்பம். காலடியில் வெட்டிப்போட்ட கிளைகள். கிளை முழுக்கப் பிஞ்சு.

காய்க்கிற மரத்தில் யாராவது கை வைப்பார்களா? நான் பாபநாசத்துக்காரி. எங்கள் பக்கம் பட்ட மரத்தை வெட்டவே நாலு பேரிடம் யோசனை கேட்பார்கள்.

“பாவம்டி, பிஞ்சு பிடிச்சிருக்கு” என்றேன்.

“போர்ல அரை மணி நேரத்துக்கு மேல தண்ணி வர மாட்டேங்குது. ஒவ்வொரு இலையும் ஒரு வாய்டி. அத்தனை வாய்க்கு நான் எங்க போறது? இந்த வருஷம் காய் போனாப் போகுது. மழை வர்ற வரைக்கும் மரம் உயிரோட இருக்கணும்.”

சொல்லிக்கொண்டே, வெட்டிய தழையை மரத்தடியில் பரப்பினாள், இருக்கிற ஈரமாவது காயாமல் இருக்கட்டும் என்று.

டெல்டாக்காரர்களான நமக்குத் தண்ணீர் குறைந்தால் என்ன தெரியும்? அணையைத் திறக்கச் சொல்லிக் குரல் கொடுப்போம். தாகத்தைக் குறைக்கலாம் என்று என்றைக்காவது தோன்றியிருக்கிறதா? அவள் சொன்ன நியாயம் புரிந்தது. மனசுதான் கேட்கவில்லை.

“அண்ணன் எங்க?”

“இதப் பாக்க மாட்டேன்னு மோட்டார் ரூம் பக்கம் போயிட்டார். அங்க இருக்கிற ஒரு மரத்த மட்டும் விட்டுடுன்னு கெஞ்சினார். சரின்னு விட்டுட்டேன்.”

அப்போதுதான் அவள் கவனித்தாள் — சொட்டு நீர்க் குழாயில் ஒரு சொட்டு இல்லை. மோட்டார் ஓடுகிற சத்தமோ கேட்கிறது. இரண்டு பேரும் ஓடினோம்.

அந்தோணி அண்ணனும் டெல்டாதான்; குத்தாலத்துக்காரர், நெல் விவசாயக் குடும்பம். அந்த ஒற்றை மரத்தைச் சுற்றி, வயலுக்குக் கட்டுவது போல வரப்புக் கட்டி, குழாயைக் கழற்றி அதற்குள் விட்டிருந்தார். கணுக்கால் அளவு தண்ணீர் தளும்பியது. தோப்பு முழுவதற்குமான அன்றைய தண்ணீர்.

“தண்ணி நின்னாத்தானேம்மா பாய்ச்சின மாதிரி இருக்கு” என்றார் என்னிடம், நிம்மதியான முகத்தோடு.

மோட்டார் காற்றை இழுத்து இரைந்தது. ஜெஸ்ஸி போய் நிறுத்தினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் இறங்கியது. களிமண் வயல் என்றால் நின்றிருக்கும். செம்மண் மடமடவென்று குடித்துவிட்டது. மிஞ்சியது ஈர வரப்புதான்.

“மத்த மரத்துக்கெல்லாம் இன்னிக்கு என்னத்தங்க குடுக்குறது?”

ஜெஸ்ஸி சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அண்ணன் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கையை நீட்டி அவளிடமிருந்து ரம்பத்தை வாங்கினார்.

முதல் கிளை பிஞ்சோடு விழுந்தபோது நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.