முட்டை அட்டையில் பெயரில்லாத ஒரு குழி

வெள்ளைத் துணி சுற்றிய விரலை வண்டியின் புகைக்குழாய்க்குள் விட்டுத் துழாவி, வெளியே எடுத்து மோந்து பார்ப்பாள் ரோண்டா. அதுவரை வண்டிக்காரர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தொலைந்தார். "உன்னையா கேட்டேன்? வண்டி சொல்லட்டும்."

ஐம்பத்தெட்டு வயது, ஆண்பிள்ளைச் செருப்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில். வில்காரா என்ற சிற்றூரின் ஒரே வண்டிப் பட்டறை அவளுடையது. அடுத்த பட்டறைக்கு நூற்றித்தொண்ணூறு கிலோமீட்டர் செம்மண்ணில் போக வேண்டும். மூக்கு மரத்துவிடும் என்று காலையில் டீ கூடக் குடிக்க மாட்டாள். பெட்ரோலுக்குப் பொறி வைக்கும் ஸ்பார்க் பிளக் கெட்டால் அதைத் தூக்கி எறிவதுமில்லை. முட்டை அட்டையில், குழிக்கு ஒன்றாகச் செருகி, கீழே பெயர் எழுதி வைப்பாள். வண்டிக்குச் சொந்தக்காரர் பெயரை அல்ல, அதைக் கெடுத்தவர் பெயரை. பாதிரியார் பெயரே இரண்டு குழியில் இருக்கிறது.

ஜூலை, அந்தப் பக்கத்தில் கடுங்குளிர் மாதம். அதில் ஒரு வெள்ளிக்கிழமை டாஃப்னியின் பழைய வேன் கரும்புகை கக்கி, இருமி இருமி வந்து நின்றது. பக்கத்து இருக்கையில் கழுத்துவரை கம்பளி போர்த்தி அவள் புருஷன் மெர்வ். சிறுநீரகம் போன மனுஷன். வாரம் மூன்று நாள் பெரிய ஊருக்குப் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். முந்தின நாள் பாதி வழியில் வேன் படுத்துவிட்டது. நாலு மணி நேரம் கழித்து ஒரு லாரிக்காரன் கட்டி இழுத்து வந்து வீட்டில் விட்டான். சிகிச்சை போயிற்று. நாளையும் போகாவிட்டால் ஆளே போய்விடுவார்.

"எல்லாம் இவ கால் பண்ற வேலை," என்றார் மெர்வ். "இரும்பு மாதிரி மிதிக்கிறா. பெட்ரோல் குடிக்காம என்ன பண்ணும்?"

"ஆறு மாசமா இதே பாட்டு, ரோண்டா," என்றாள் டாஃப்னி. "பெரிய ஊர்ல ரெண்டு தடவை சென்சார் மாத்தியாச்சு. வீட்டை வித்துட்டு அங்கயே போயிடலாம்னு காகிதம்கூட வாங்கி வச்சுட்டேன்."

ரோண்டா பிளக்கைக் கழற்றினாள். அதன் கறுப்பிடம் அடுப்புக்கரி தோற்றது. காற்று வடிகட்டி சுத்தமாக இருந்தது. பெட்ரோல் குழாய் எங்கும் கசியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நிமிர்ந்தவளின் கண் கம்பளியில் போய் நின்றது.

"ஏன்யா, ஹீட்டர் போடலியா?"

"போட்டுத்தான் இருக்கு. என் ரத்தம்தான் சுண்டிப்போச்சு."

அவள் ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைப் பிடித்தாள். நாற்பது கிலோமீட்டர் ஓடிவந்த வண்டி. தொட்ட கை வெந்திருக்க வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல வெதுவெதுவென்றிருந்தது.

"அடப் பாவி மனுஷா!"

எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுத்து வைக்க, உள்ளே ஒரு சின்னக் கதவு உண்டு: தெர்மோஸ்டாட். மூடியைத் திறந்தாள். கதவு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கோடையில் அதைப் பிடுங்கிப் போட்டால் எஞ்சின் கொதிக்காது என்பது இந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகளின் அசைக்க முடியாத நம்பிக்கை.

"ஜனவரிக் கோடையில நாப்பத்தேழு டிகிரி அடிச்சுதே," என்றார் மெர்வ், கம்பளியைப் பார்த்தபடி.

"இப்ப ஜூலைய்யா! எஞ்சினுக்குச் சூடே ஏறல. இப்பத்தான் கண்ணு முழிச்சோம்னு நெனச்சுக்கிட்டு, நாள் பூரா பெட்ரோலை அள்ளி அள்ளி ஊத்துது. கதவை எங்க வச்சிருக்க?"

இந்த ஊரில் எவரும் எதையும் தூக்கிப் போடுவதில்லை. மெர்வ் முன்பெட்டியிலிருந்து கந்தலில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். டீக் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ரோண்டா அதை உள்ளே போட்டாள். கதவு மெல்லத் திறந்தது. நல்லவேளை, அது கெட்டுப்போகவில்லை. மாட்டினாள்; பிளக்குகளையும் புதிதாகப் போட்டாள். முட்டை அட்டையில் கறுத்த பிளக் ஒன்று ஏறியது. கீழே மட்டும் அவள் எதுவும் எழுதவில்லை.

"நாளைக்குப் போயிட்டு வாங்க. வந்து சொல்லுங்க."

சனிக்கிழமை பொழுது சாயும்போது புகையும் இருமலும் இல்லாமல் வேன் வந்தது. ரோண்டா ஒரு பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். டீ பிஸ்கட் நிறம்; பெட்ரோல் அளவாக எரிகிறது.

"இவருக்கு வேர்த்துப்போச்சு, ரோண்டா!" டாஃப்னி சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கண்ணாடியை எறக்கச் சொல்லி ஒரே ரகளை."

மெர்வ் இறங்கினார். கம்பளி பின்னிருக்கையில் கிடந்தது. பெண்டாட்டி பக்கம் திரும்பாமல் முட்டை அட்டைக்குப் போய், பெயரில்லாத குழிக்குக் கீழே விரலை வைத்தார்.

ரோண்டா காதிலிருந்த பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.