பம்பு நின்ற வாரம்

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவரை எல்லோரும் 'நார்மல்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர் இல்லை. பதினோரு வருடங்களுக்கு முன்னால், நெஞ்சில் ஒட்டினால் இதயத்தின் அசைவைப் பதிவு செய்கிற சென்சார் ஒன்றின் முதல் மாதிரி தயாரானது. அதை யார் மேலாவது ஒட்டிப் பார்க்க வேண்டும். படித்த பெரிய மனிதர்கள் அத்தனை பேருக்கும் அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டரில் அவசர வேலை வந்துவிட்டது. பசை டப்பாவும் கையுமாக நின்ற டெக்னீஷியன் இவர்தான். யாரும் வாயைத் திறக்காததால் தன் சட்டைப் பொத்தானைத் தானே கழற்றினார். பதிவான கோப்புக்கு 'நார்மல் ஒன்று' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஆள் மேலும் ஒட்டிக்கொண்டது.

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களைப் போய் நார்மல்னு சொன்னது யாரு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள்.

அதற்கு முன் அவர் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். கூடத்துக்கு அவரை எடுத்ததே இயந்திரங்களுக்காகத்தான். அங்கே பாதி வேலை தொழிற்சாலைக்கு, பாதி ஆஸ்பத்திரிக்கு. ஓர் அறையில் ஆளுயரப் பம்பு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அதன் பேரிங்கில் வேண்டுமென்றே கீறல் போட்டு, சென்சாரை ஒட்டி, அது கெட்டுப்போகும் வரை அதிர்வைப் பதிவு செய்வார்கள். அடுத்த அறையில் மனிதர்களின் நெஞ்சு. புதிதாக எந்தச் சென்சார் செய்தாலும் முதலில் பம்பில் ஒட்டுவார்கள், இரண்டாவதாக நார்மல் மேல், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். மாதம் ஒருமுறை இருபது நிமிடம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பதும் அவர் வேலையில் சேர்ந்துவிட்டது.

மனிதர் அதைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. நார்மலாக இருப்பதை ஓர் உத்தியோகமாகவே நினைத்தார். பதிவு நாளில் காப்பி கிடையாது. மாடிப்படி ஏற மாட்டார். முந்தின நாள் யாரோடும் சண்டைக்குப் போக மாட்டார். சண்டைக்கு வருகிறவர்களிடம், "நாளான்னைக்கு வாங்க, பேசிக்கலாம்" என்று சொல்லியனுப்பிவிடுவார்.

முதல் பதிவிலேயே ஒரு சிறு சங்கடம் இருந்தது. ஒழுங்காகப் போகிற துடிப்புக்கு நடுவே, நிமிடத்துக்கு ஓரிரு முறை, அழையாத விருந்தாளி மாதிரி ஒரு தட்டு வந்து போனது. சிக்னலைச் சுத்தம் செய்கிற என்ஜினீயர் ஒருவர் அங்கே உண்டு. எதைக் கொடுத்தாலும் சலித்துத் தருவதால் அவருக்குச் சல்லடை என்று பெயர். அவர் திரையைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

"பக்கத்து ரூம் பம்பு. வால்வு மூடுறப்ப தரை உதறுது, அதான்" என்றார்.

தரை உதறியது உண்மை. மேசை மேல் இருந்த டம்ளரில் தண்ணீர் ஆடியதை எல்லோருமே பார்த்தார்கள். அன்று எடுத்த பத்து வினாடி ஈசிஜியும் சுத்தமாக இருந்தது. சல்லடை உட்கார்ந்து, அந்தத் தட்டு எங்கே வந்தாலும் துடைத்துவிடும்படி ஒரு ஃபில்டர் எழுதினார். பதினோரு வருடமாக ஒவ்வொரு புது மாதிரியிலும் அது கூடவே வந்தது.

இந்த வருடம் கருவி தயாராகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை ஓர் ஆஸ்பத்திரியில் இருநூறு நோயாளிகளுக்கு அதை மாட்டப் போகிறார்கள். அதற்கு முந்தின வாரம் பார்த்து பம்பு மோட்டார் இறுகி நின்றுவிட்டது. நார்மலே நட்டுகளைக் கழற்றி, அதை வண்டியில் ஏற்றி ரிப்பேருக்கு அனுப்பினார். பம்பு இருந்த இடத்தில் தரையில் நான்கு ஓட்டைகள்தான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை கடைசிச் சோதனை. நாற்காலியில் உட்கார்ந்து இருபது நிமிடம் ஆனதும் சென்சாரைப் பிய்க்கப் போனவர், தற்செயலாகத் திரையைப் பார்த்தார். கீழே ஃபில்டர் போட்ட கோடு, சுத்தமாக. மேலே போடாத கோடு. அதில் அந்தத் தட்டு இருந்தது.

சென்சாரைப் பிய்த்துவிட்டுச் சட்டையை மாட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திங்கட்கிழமை நின்றுபோகும், பதினோரு வருட உழைப்பில் மண் விழும். அது அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். பயமாக இருந்தது என்பதுதான் உண்மையான காரணம். சாயங்காலம் வரை லிஃப்ட் மேலும், தெருவில் போன லாரி மேலும், மூலையில் கிடந்த ஃபிரிட்ஜ் மேலும் மாற்றி மாற்றிப் பழியைப் போட்டுப் பார்த்தார்.

ஆனால் பட்டறையில் வளர்ந்த கை சும்மா இருக்குமா? புதன்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்தார். லிஃப்டை நிறுத்தினார், ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார், மின்விசிறியை அணைத்தார். சென்சாரை முதலில் மர மேசையில் ஒட்டி இருபது நிமிடம் பார்த்தார். கோடு ஆடாமல் அசையாமல் போனது. பிறகு தன் நெஞ்சில் ஒட்டினார். முதல் நிமிடத்திலேயே ஒன்பது தட்டு.

கூடத்தின் தலைவி வந்ததும் அவர் அறை வாசலில் போய் நின்றார்.

"மேடம், பம்பு ரூம்ல பம்பு இல்ல."

"ரிப்பேருக்குப் போயிருக்குண்ணே. அதுக்கென்ன இப்போ?"

"தட்டு மட்டும் இருக்கு."

அந்த அம்மாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் சல்லடையைக் கூப்பிட்டு, பழைய கோப்புகளை எல்லாம் ஃபில்டர் இல்லாமல் திறக்கச் சொன்னார். முதல் வருடம் நிமிடத்துக்கு இரண்டு. ஆறாம் வருடம் நான்கு. போன வருடம் ஏழு. ஒரு மனிதனின் இதயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடம் மாறியது தேதி வாரியாக அங்கேயே இருந்திருக்கிறது.

"கூடுறது தெரியும்" என்றார் சல்லடை. முகத்தில் ஈயாடவில்லை. "பம்பு பழசாகுது, அதான் கூடுதுன்னு நினைச்சேன். ரெண்டு தடவை ஃபில்டரை இன்னும் இறுக்கினேன்."

"திங்கட்கிழமை இதை மாட்டியிருந்தோம்னா, இருநூறு பேர்ல யாருக்கு இந்தத் தட்டு வந்தாலும் நம்ம மெஷின் துடைச்சுட்டு நல்லா இருக்கீங்கன்னு சொல்லியிருக்கும்" என்றார் தலைவி. திட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் திங்கட்கிழமையை நிறுத்தினார். பிறகு கார்ச் சாவியை எடுத்தார். "நீங்க கிளம்புங்கண்ணே. இப்பவே."

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்கிற கருவியை மாட்டி அனுப்பினார்கள். நெஞ்சில் ஒயரோடு வீட்டுக்கு வந்தார். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கூடத்துக்காக அவர் மாட்டிக்கொண்டு வந்து அவள் பார்க்காத ஒயரா? முடிவு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று அவரும் விட்டுவிட்டார்.

மறுநாள் டாக்டர் முடிவைப் பார்த்தார், நெஞ்சை ஸ்கேனும் எடுத்தார். இதயத்தில் தேவையில்லாத ஓர் இடத்திலிருந்து துடிப்பு முந்திக்கொண்டு கிளம்புகிறது, அதனால் இதயம் லேசாக வீங்கியிருக்கிறது, மாத்திரையில் அடங்கும், அடங்காவிட்டால் குழாய் விட்டுச் சரிசெய்யலாம் என்றார். இன்னும் இரண்டு வருடம் விட்டிருந்தால் இவ்வளவு சுலபமாகப் பேசியிருக்க முடியாது என்றும் சொன்னார்.

"எவ்வளவு நாளா இருக்குன்னு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

நார்மல் முதல் கோப்பின் தேதியையும் நேரத்தையும் சொன்னார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து மனைவியை உட்காரச் சொல்லி, பம்பில் ஆரம்பித்து மாத்திரை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். அவர் முடித்த பிறகுதான் அவள் கேட்டாள்.

"நடுவுல ஒண்ணு முந்திக்கிட்டு வருமே, அப்புறம் கொஞ்சம் நின்னுட்டுப் போகுமே, அதுவா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க நெஞ்சுல தலை வச்சுத்தானே இத்தனை வருஷமாத் தூங்கறேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். நான் வேற யாரு நெஞ்சுல காது வச்சுக் கேட்டேன்?"