டிராம் ஒதுங்காது

முட்டி அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து மருமகள் எனக்குச் சோற்றைத் தட்டில் போட்டுக் கட்டிலுக்கே கொண்டுவருகிறாள். எங்கள் வாஷி வீட்டின் குறுகிய நடைவழியில் அந்த எவர்சில்வர் தட்டு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு வலது கால் நினைவுக்கு வருகிறது. நான்கு முழ வேட்டிக்குக் கீழே சற்று வீங்கி, கட்டைவிரல் நகம் கறுத்துப்போன கால். பம்பாயில் டிராம் ஓட்டிய ஒரு பெரியவருடையது அது.

அறுபதுகளின் நடுவில், என்னோடு நர்ஸ் படிப்பு முடித்தவர்களில் சிலர் கப்பலேறி இங்கிலாந்தின் முதியோர் இல்லங்களுக்கு வேலைக்குப் போனார்கள். எனக்கு வாய்த்த சீமை செம்பூர்தான். தாராவியிலிருந்து சயான் ஸ்டேஷனுக்கு நடந்து, குர்லாவில் வண்டி மாறிப் போக வேண்டும். அங்கே ஒரு டிரஸ்ட் நடத்திய முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. எங்கள் மேட்ரன் சீமையில் வேலை பார்த்துவிட்டு, ஒரு சட்டத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். சாப்பாட்டுக் கூடத்துக்குத் தன் காலால் நடந்து வருகிறவர்களுக்குத்தான் இல்லத்தில் இடம். முடியாதவர்களைத் தர்ம ஆஸ்பத்திரியின் படுக்கை வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போன யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

பெரியவர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இளவட்டத்தில் பம்பாய்க்கு வந்து, டிராம் ஓடிய காலமெல்லாம் டிராம் ஓட்டியவர். மனைவி இல்லை, பிள்ளைகளும் இல்லை. நான் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டேன். பக்கவாதம் வந்து வலது கால் துவண்டதும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மேட்ரன் அவர் பெயரைக் குறித்துவிட்டார். டிரஸ்ட் தலைவர் அடுத்த முறை வரும்வரைதான் தவணை. அதைச் சொன்னபோது பெரியப்பா அழவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"அங்க கொண்டு போட்டாவன்னா நான் பொணந்தான் தாயி. நடந்தே தீருவேன். நீ விட்டுராத, அது போதும்."

நானும் விடுகிற ஜாதியில்லை. காலையும் மாலையும் நடைவழிச் சுவரோரம் அவரைக் கைத்தடியோடு நடக்க வைத்தேன். நடந்தார். ஆனால் பாதி வழியில் திடீரென்று மரம்போல நின்றுவிடுவார். களைத்துவிட்டார் என்று நான் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போடுவேன். அவர் உட்காராமல் என்னை முறைப்பார். ஒருநாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது, தரை துடைக்கிற வேலைக்காரி தன் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். மனிதர் உடனே நடக்கத் தொடங்கிவிட்டார்.

"ஏன் பெரியப்பா நின்னிய? கால் வலிச்சுதோ?"

"காலுக்கு ஒண்ணுமில்ல. எதுத்தாப்ல வாளி கெடந்துதுல்லா."

"சுத்திப் போனா என்ன?"

"டிராம் எங்கனயாவது ஒதுங்கிப் போயிப் பாத்திருக்கியா தாயி? தண்டவாளத்துல போறது. எதுக்க நிக்கவன்தான் ஒதுங்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதில் நியாயமும் இருந்தது. பக்கவாதம் வந்தவர்கள் திரும்பும்போதுதான் தடுமாறி விழுவார்கள். அன்று முதல் அவரைத் திருப்பப் பார்க்கவில்லை. அவர் நடக்கும் நேரத்தில் வாளி, ஸ்டூல், பூந்தொட்டி என்று எது கிடந்தாலும் எடுத்து ஓரம் வைத்தேன். அவர் நேர்க்கோட்டில், நிற்காமல் கூடத்து வாசல் வரை போனார்.

தலைவர் வந்தது ஒரு மத்தியான வேளையில். சாப்பாட்டு மணி அடித்தது. நடைவழியை முன்னமே துப்புரவாக ஒழித்து வைத்திருந்தேன். பெரியப்பா அறையிலிருந்து புறப்பட்டார். முக்கால் வழி வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தலைவரே கூடத்து வாசலுக்கு முன்னால் வந்து, மேட்ரனோடு பேசியபடி நட்ட நடுவில் நின்றுகொண்டார். வாளியை நகர்த்தலாம், தலைவரை எப்படி நகர்த்துவது?

பெரியப்பா நின்றுவிட்டார். தலைவர் திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்டினார். "பாவம், முடியலை போலிருக்கே. ஆஸ்பத்திரிக்கே அனுப்பிடுங்க" என்று இந்தியில் சொன்னார். மேட்ரன் தலையசைத்தார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் அந்த வலது கால் தரையை விட்டு எழுந்தது. எத்தனையோ நாள் நான் கெஞ்சியும் அவ்வளவு உயரம் தூக்காத கால். டிராம்காரர்கள் காலால் மிதித்துத்தான் மணி அடிப்பார்கள். அந்த மிதி தரையில் விழுந்தது. தொப். மறுபடியும் தொப், தொப். தலைவரும் பம்பாயிலேயே வளர்ந்தவர்தானே! யோசிக்கவேயில்லை, துள்ளி ஓரமாக ஒதுங்கினார். மேட்ரனும் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பெரியப்பா இருவருக்கும் நடுவே நேராக நடந்து, கூடத்துக்குள் போய், தன் இடத்தில் உட்கார்ந்து, ரசம் சூடாக இருக்கிறதா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் பெயரை யாரும் குறிக்கவில்லை. சாகிற அன்று காலையிலும் கூடத்துக்குப் போய்த்தான் டீ குடித்தார்.

இதையெல்லாம் மருமகளிடம் சொன்னதில்லை. அவள் கெட்டவள் இல்லை, என் மேல் பாசம்தான். நேற்றும் தட்டோடு எதிரே வந்தாள். நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலை விட்டு நடைவழிக்கு வந்திருந்தேன். "ஏன் அத்தை எழுந்தீங்க? பெட்லயே குடுத்துடறேன், போய் உக்காருங்க" என்றாள். சாப்பாட்டு மேஜை அவளுக்குப் பின்னால் இருந்தது. முட்டி விண்விண்ணென்று வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தேன்.

மருமகள் பயந்துபோய் ஒதுங்கி நின்றாள். நான் மேஜைக்குப் போனேன்.