சொல்ல மறுத்த டாக்டர்

நோயாளிகளின் விவரங்களை வெளியே விடாமல் காப்பது பற்றிய சட்டத்தை மருத்துவர்களுக்கு விளக்குவது என் வேலை. அப்படித்தான் பொம்மிடியில் அந்த டாக்டரைச் சந்தித்தேன். ஒல்லியான மனிதர். பேசும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது சித்தேரிக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். அவருடைய மருமகள் அப்போதுதான் பரிசோதனை முடிவைக் கேட்டுவிட்டு வெளியே போயிருந்தாள்.

"மருமவளுக்கு என்னன்னு சொல்லுங்க. கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது."

"அவங்க சம்மதம் இல்லாம நான் சொல்லக் கூடாதுங்க."

"வெறும் காய்ச்சல்னா சொல்லியிருப்பீங்க. அப்ப ஏதோ பெருசாத்தான் இருக்குது," என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார்.

டாக்டரின் முகம் வெளுத்தது. "நான் செஞ்சது சட்டப்படி சரிங்களா?"

"சரிதாங்க டாக்டர்."

"அந்தப் பொண்ணு அவரோடதானே வூட்டுக்குப் போகணும்?"

டாக்டர் எழுந்துபோய் அவளை அழைத்து வந்தார். தன் போனைக் கையில் கொடுத்து, "யாருகிட்டப் பேசணுமோ பேசும்மா," என்றார். என்னையும் வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினார்.

எதிர் பெஞ்சில் மாமனார் கதவையே வெறித்துக்கொண்டிருந்தார். டாக்டர் கதவை மறைத்தபடி நின்றார்.

நான் கிளம்பும்வரை அவள் வெளியே வரவில்லை. யாரிடம் பேசினாளோ, யார் வந்தார்களோ, தெரியாது. வேறெந்த டாக்டரிடம் சட்டத்தை விளக்கினாலும், கதவை மறைத்து நின்ற அந்த மனிதர்தான் நினைவுக்கு வருகிறார்.