ஸ்டாட்டிஸ்டிக்ஸ் யூனிட் 4

2008 வாக்கில் நடந்தது இது. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். வளாகத்துக்கு வயர்லெஸ் வந்த புதிது. நூலகத்துக்கு வெளியே மரத்தடியில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். மதிய இடைவேளையில் லேப்டாப் வைத்திருப்பவர்கள் எல்லாம் அங்கே ஆஜர்.

படித்தோமோ இல்லையோ, பாட்டு பரிமாறிக்கொண்டோம். பென் டிரைவில் வைரஸ் வரும் என்று பயம். அதனால் அவரவர் பாட்டு ஃபோல்டரை நெட்வொர்க்கில் திறந்துவிட்டால், மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். நான் ஒரு சோம்பேறி. ஒரு தோழி பாட்டு கேட்டதும் டி டிரைவையே, யார் வேண்டுமானாலும் எதையும் மாற்றலாம் என்கிற மாதிரி, மொத்தமாகத் திறந்துவிட்டேன். அவள் எடுத்துக்கொண்டாள். நான் மூட மறந்தே போனேன்.

அதே டிரைவில் 'அம்மா' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அந்த வருஷம் அம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை. முடி முழுக்கக் கொட்டிவிட்டது. சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே, அப்பா முன்னால்கூட, தலையில் துணி இல்லாமல் வரமாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக முடியாமல் படுத்திருந்தவள், திடீரென்று துணியை அவிழ்த்துவிட்டுப் படம் எடுக்கச் சொன்னாள்.

"முடி வளர்ந்ததும் பாத்து சிரிக்கலாம்டி. ஆனா நீயும் நானும் மட்டும்தான்" என்றாள். சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினேன்.

சில நாள் கழித்து மரத்தடியில் லேப்டாப்பைத் திறந்தால், 'அம்மா' ஃபோல்டரைக் காணோம். யாரோ எடுத்துவிட்டார்கள், கேன்டீனில் கூட்டமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அப்போதுதான் நான் போடாத ஒரு ஃபைல் கண்ணில் பட்டது. 'பிளீஸ் படிக்கவும்' என்று பெயர்.

"உங்க டி டிரைவ் கேம்பஸ் முழுக்கத் தெரியுது. பாட்டு தேடி வந்தேன், ஒரு படம் கண்ணுல பட்டுது, உடனே மூடிட்டேன். வேற யாரும் திறக்கக் கூடாதுன்னு ஃபோல்டர் பேரை ஸ்டாட்டிஸ்டிக்ஸ் யூனிட் 4னு மாத்திட்டேன். முதல்ல ஷேரிங்கை எடுத்துடுங்க. அம்மா சீக்கிரம் குணமாகணும்."

தேடினேன். பத்திரமாக இருந்தது. பாட்டு தேடி வருகிற எவரும் அந்தப் பெயரைத் தொடமாட்டார்கள். ஷேரிங்கை மூடிவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் அவரவர் திரையில் மூழ்கியிருந்தார்கள். எழுதியது ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த வருஷம் அம்மாவுக்கு முடி வளர்ந்தது, சுருள் சுருளாக. சொன்னபடி இருவரும் படம் பார்க்க உட்கார்ந்தோம்.

"ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல நான் எங்கடி வந்தேன்?" என்று கேட்டாள்.

திட்டு வாங்கத் தயாராக எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டவில்லை.

"யாரு பெத்த பிள்ளையோ. தெரிஞ்சிருந்தா வீட்டுக்குக் கூப்பிட்டு சோறு போட்டிருப்பேன்."

அன்று மாலை குடும்ப ஜெபத்தில் 'அந்தப் பிள்ளை'க்காகவும் வேண்டிக்கொண்டாள். இன்றுவரை அது நிற்கவில்லை.

இப்போதும் புது இடத்தில் வைஃபையில் சேர்ந்தால் முதலில் ஷேரிங் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். ஆனால் அந்த ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றவே இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம், திறந்து கிடந்த எங்கள் வீட்டுக் கதவை யாரோ சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனது நினைவுக்கு வந்து மனசு நிறைந்துவிடும்.